சுயசித்தம் தேவன் கொடுத்த ஈவு என்றால், திட்டுவதா ஜெபிப்பதா?

வாசகர் கேள்வி, 8 மார்ச் 2025

"தேவன் மனுஷனுக்குச் சுயசித்தத்தை ஈவாகக் கொடுத்தார். நாம் அதைக் கெடுத்துக்கொண்டோம். அதனால்தான் உலகத்தில் தீமை. இவ்வளவு எளிய விஷயத்துக்கு இறையியல் படித்தவர்கள் 1600 வருஷமாக ஏன் அடித்துக்கொள்கிறார்கள்?"

9 மார்ச், மதியம்

எளிமையாகத்தான் இருக்கிறது, அடுத்த கேள்வியை யாரும் கேட்காதவரை.

அதைக் கேட்டவர் எவோடியுஸ். திருச்சபையின் பெரிய இறையியலாளர் அகுஸ்தீனின் ஊர்க்காரர். வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே, இன்றைக்கு அல்ஜீரியாவில் இருக்கிறது. கி.பி. 387-88-ல் ரோமில் சுயசித்தத்தைப் பற்றி இருவரும் பேசத் தொடங்கியதை அகுஸ்தீன் உரையாடலாகவே எழுதினார். முடித்தது 395 வாக்கில், ஊர் திரும்பிக் குருவான பிறகு. தீமைக்குக் காரணர் தேவன்தானா என்பதுதான் புத்தகத்தின் முதல் கேள்வியே. அதற்கு அகுஸ்தீன் கொடுத்த பதில்தான் நீங்கள் சொல்வது: காரணம் நம் சித்தம், நாமாகத் தேர்ந்துகொள்ளும் விருப்பம்.

எவோடியுஸ் அதோடு விடவில்லை. நல்லபடி வாழத்தான் சித்தத்தைக் கொடுத்தார் என்கிறீர்கள், சரி. நீதியும் நல்லபடி வாழக் கொடுக்கப்பட்டதுதானே? நீதியை வைத்துக்கொண்டு யாராவது அக்கிரமம் செய்ய முடியுமா? முடியாது. அப்படியானால் சித்தத்தையும் கெட்டதுக்குத் திருப்ப முடியாதபடியே கொடுத்திருக்கலாமே?

அகுஸ்தீனின் பதில் சுற்றி வளைத்து வருகிறது. கண்ணையும் கையையும் காலையும்கூடத் தப்பாகப் பயன்படுத்துகிறோம், அதற்காகக் கண் கெட்டது என்று யாரும் சொல்வதில்லை. நன்மைகளை அவர் மூன்று தரமாகப் பிரிக்கிறார். நீதி முதலிய புண்ணியங்கள் மேல்தரம், அவற்றைத் தப்பாகப் பயன்படுத்தவே முடியாது. உடல் சார்ந்தவை கீழ்த்தரம். சித்தம் நடுவில்.

எனக்கு இந்தப் பதில் போதவில்லை. எவோடியுஸ் கேட்டது, இதை ஏன் மேல்தட்டில் வைக்கவில்லை என்று. வந்த பதில், இது நடுத்தட்டில் இருக்கிறது என்பது. அவர் கேட்டதும் அதைத்தானே!

9 மார்ச், இரவு

கீழே பின்னூட்டத்தில் மூன்று பேர் ஒரே பதிலை எழுதியிருக்கிறீர்கள்: அன்பு என்றால் மறுக்கவும் முடியவேண்டும், இல்லாவிட்டால் நாம் ரோபோக்கள். வாலிபர் கூட்டத்தில் நானே இதைச் சொல்லியிருக்கிறேன். நன்றாகக் கைதட்டு வாங்கும்.

ஒரே ஒரு கேள்வி. பரலோகத்தில் பாவம் செய்ய முடியுமா? முடியும் என்றால் அது என்ன பரலோகம். முடியாது என்றால், அங்கே இருப்பவர்கள் ரோபோக்களா? அகுஸ்தீன் இதை நேராகவே எதிர்கொண்டார். ஆதாமுக்குக் கிடைத்த சுதந்திரம் பாவம் செய்யாமல் இருக்க முடிவது. கடைசியில் கிடைக்கப்போவது பாவம் செய்யவே முடியாமல் இருப்பது. இரண்டாவதுதான் பெரிய சுதந்திரம் என்கிறார். தேவனாலும் பாவம் செய்ய முடியாது, அவருக்குச் சுதந்திரம் இல்லை என்று யார் சொல்வது? அப்படிப் பார்த்தால் மறுக்கும் வசதிதான் சுதந்திரத்தின் உயிர்நாடி என்ற பேச்சு நிற்காது. எவோடியுஸ் மறுபடி கதவைத் தட்டுவார்: அந்தப் பெரியதையே முதலில் கொடுத்திருக்கலாமே?

11 மார்ச்

"உங்கள் வாழ்க்கையில் இதெல்லாம் எங்கே வருகிறது" என்று கேட்டவருக்கு.

என் தம்பி செல்போனில் ரம்மி ஆடுவான். சம்பளம் விழுந்த வாரத்திலேயே கடன் கேட்க ஆரம்பிப்பான். அம்மா வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போய், ஜெபக் குறிப்புச் சீட்டில் "இளைய மகனின் விடுதலைக்காக" என்று எழுதி மடித்துப் பெட்டியில் போடுவார். பேர் எழுதமாட்டார். ஊரில் அம்மாவுக்கு எத்தனை மகன் என்று எல்லோருக்கும் தெரியும், மைக்கில் வாசித்ததும் பெஞ்சு பெஞ்சாகத் தலை திரும்பும். ஆனால் அம்மா அவனை வீட்டில் ஒரு வார்த்தை திட்டியதில்லை. எல்லாம் கர்த்தரிடம்தான். நான் நேரெதிர். ஜெபத்தில் அவன் பேரைச் சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை, நேரில் கிழிகிழி என்று கிழித்துவிடுவேன்.

ஒரு நாள் தம்பி சொன்னான்: "அம்மா என்னைப் பத்திக் கர்த்தர்கிட்டப் பேசுறாங்க. நீ என்கிட்டக் கத்துற. என்கூடப் பேசுறதுக்கு இந்த வீட்ல ஆளே இல்ல."

அப்புறம் ஒரு ராத்திரி, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எங்கள் முன்னாலேயே அந்தச் செயலியை அழித்தான். படத்தை அழுத்திப் பிடித்தான், அது நடுங்கியது, அழிக்கவா என்று ஒரு பெட்டி வந்தது. இந்தப் பக்கம் 'ரத்து', அந்தப் பக்கம் 'சரி'. கட்டைவிரல் இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு 'சரி'.

அம்மா: கர்த்தர் ஜெபத்தைக் கேட்டார். தம்பி: நான்தானே அழித்தேன். நான் வெளியே சொல்லவில்லை, ஆனால் உள்ளுக்குள் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. அவனுடைய வங்கி அட்டையைப் பிடுங்கி வைத்தது நான்தான். ஒரு விரல் அமுக்கியதற்கு மூன்று உரிமையாளர்கள்.

12 மார்ச்

சுனாமியும் நம் சித்தத்தால் வந்த தீமைதானா என்று கேட்டவருக்கு: 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக்கு வந்த பக்தர்களும் அலையில் போனார்கள். அதற்கும் சுயசித்தத்துக்கும் சம்பந்தம் இல்லை. "ஆதாமின் சித்தத்தால் பூமியே கெட்டது" என்று நீட்டிக்கொண்டு போகலாம், போயிருக்கிறார்கள். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த ஒருவரிடம் நான் அதைச் சொல்லமாட்டேன். இந்த வாதத்துக்கு ஒரு எல்லை இருக்கிறது, கடல் அதற்கு வெளியே.

16 மார்ச், ஆராதனை முடிந்து

மூலக் கேள்விக்கு மறுபடியும் வருகிறேன். "சுயசித்தம் தேவனுடைய ஈவு" என்று திருச்சபை வரலாற்றில் யார் அதிகமாக அழுத்திச் சொன்னது தெரியுமா? பெலாகியுஸ். ஆமாம், பிரிட்டனிலிருந்து ரோமுக்கு வந்த அதே துறவி, 418-ல் கார்த்தேஜ் சங்கம் கண்டித்த அதே ஆள்.

அவரைத் தேவனை மறந்த மனிதவாதி மாதிரி சித்திரிப்பது நம் பிரசங்கிகளின் வழக்கம். அவர் சொன்னது வேறு. ஒரு நற்செயலில் மூன்று படி: முடிவது, விரும்புவது, செய்வது. முடிகிற திறனைத் தேவன் நமக்குள் வைத்துவிட்டார், அது முழுக்க அவருடைய ஈவு. விரும்புவதும் செய்வதும் நம் பொறுப்பு. தெமெத்ரியாஸ் என்ற பெண்ணுக்கு அவர் எழுதிய நீண்ட கடிதம் இன்றும் இருக்கிறது. ரோம் 410-ல் சூறையாடப்பட்டபோது ஆப்பிரிக்காவுக்குத் தப்பிவந்த பெரும் பணக்காரக் குடும்பத்துப் பெண், கன்னிமை விரதம் எடுத்தவர். "கஷ்டம், முடியாது, நாமெல்லாம் மனுஷர்தானே" என்று சாக்குச் சொல்லும் கிறிஸ்தவர்களைப் பார்த்துப் பெலாகியுஸுக்கு வரும் எரிச்சல் அந்தக் கடிதத்தில் அப்படியே தெரியும். வாசித்தால் எனக்குப் பிடிக்கிறது. தம்பியிடம் நான் பேசுவது அட்சரம் பிசகாமல் இதுதான்.

ஆகவே, கேள்வி கேட்ட நண்பரே, நீங்கள் எழுதிய வாக்கியம் அந்த இடத்தில் நின்றுவிட்டால் பெலாகியுஸ் கையெழுத்துப் போடுவார். இன்னும் வேடிக்கை, அவர் தன் பக்கத்துக்குச் சாட்சியாக அகுஸ்தீனின் அந்தப் பழைய உரையாடலிலிருந்தே வரிகளை எடுத்துப் போட்டார். எழுபது தாண்டிய வயதில் தன் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தணிக்கை செய்தபோது, அந்த ஒன்றுக்கு மட்டும் அகுஸ்தீன் ரொம்ப நேரம் விளக்கம் சொல்லவேண்டியதாயிற்று: நான் அங்கே பேசியது தீமை எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி, தேவன் தகுதி பாராமல் தரும் உதவியான கிருபையைப் பற்றி அல்ல.

16 மார்ச், கொஞ்சம் கழித்து

பெந்தெகொஸ்தே நண்பர் கேட்கிறார்: சுயசித்தம் இவ்வளவு பெரியது என்றால் உங்கள் சபையில் ஏன் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம்?

என்னை யாரும் கேட்கவில்லைதான். எனக்குப் பதிலாக "விசுவாசிக்கிறேன்" என்று சொன்ன ஞானத்தகப்பனார் பின்னாளில் கோயில் பக்கமே வரவில்லை. ஆனால் இந்த வழக்கம்தான் அகுஸ்தீனின் கையில் பெரிய ஆயுதமானது. பாவமன்னிப்புக்கென்று ஞானஸ்நானம் கொடுக்கிறோம், ஒரு பாவமும் செய்யாத சிசுவுக்கும் கொடுக்கிறோம். அப்படியானால் பிறவியிலேயே ஏதோ ஒட்டிக்கொண்டு வருகிறது என்று வாதிட்டார். இதைச் சொன்னவர் சிசுவாக ஞானஸ்நானம் பெறவில்லை என்பது கூடுதல் ருசி. அம்மா மோனிக்கா தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். 387 ஈஸ்டரில் மிலானில் ஆயர் அம்புரோஸின் கையால், அகுஸ்தீன் தன் மகனோடு சேர்ந்துதான் பெற்றார்.

முழுக்கா தெளிப்பா என்ற சண்டையை இங்கே ஆரம்பிக்காதீர்கள். கும்பிட்டுக் கேட்கிறேன்.

23 மார்ச்

இப்போது நான் உண்மையில் எழுத வந்த கதை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு சுயசித்தத்தைப் பற்றி நான் வேறு மாதிரி யோசிக்கிறேன்.

ஹத்ருமேத்தும். இன்றைய துனிசியாவின் சூஸ் நகரம். அங்கே ஒரு மடம், தலைவர் வாலந்தினுஸ். மடத்துத் துறவி ஃப்ளோருஸ் வெளியூர் போயிருந்தபோது உசாலிஸ் மடத்தில் தங்கினார். அங்கே இருந்த ஏடுகளில் அகுஸ்தீன் 418-ல் ரோமிலிருந்த சிக்ஸ்துஸ் என்ற குருவுக்கு எழுதிய கடிதம் ஒன்று கிடைத்தது. (இந்தச் சிக்ஸ்துஸ் பிறகு போப் ஆனார்.) நம் புண்ணியங்களுக்குத் தேவன் முடிசூட்டும்போது தம்முடைய ஈவுகளுக்குத்தான் முடிசூட்டுகிறார் என்று வரும் கடிதம் அது. பிரதி எடுத்து, கூட வந்த ஃபெலிக்ஸிடம் மடத்துக்குக் கொடுத்தனுப்பினார்.

மடத்தில் தீப்பிடித்துக்கொண்டது. விரும்புவதுகூட ஈவு என்றால், விடியற்காலையில் எழுந்து ஜெபிக்கும் நாங்கள் யார்? கடைசி நாளில் கிரியைக்குத் தக்க பலன் என்று எழுதியிருப்பது என்ன ஆவது? தலைவருக்கே விஷயம் தெரியாமல் உள்ளே சண்டை. தெரிந்ததும் பக்கத்து ஆயரிடம் விளக்கம் கேட்டு எழுதினார்கள். யார் அந்த ஆயர்? உசாலிஸின் ஆயர், எவோடியுஸ். அதே எவோடியுஸ்தான்! நாற்பது வருஷத்துக்கு முன் "நீதி மாதிரி கொடுத்திருக்கலாமே" என்று கேட்டவரிடம் இப்போது இளம் துறவிகள் பதில் கேட்கிறார்கள். அவர் எழுதிய பதில் கிடைத்திருக்கிறது. துறவிகளுக்கு அது ஆறுதல் தரவில்லை.

கிரெஸ்கோனியுஸும் ஃபெலிக்ஸும் அகுஸ்தீன் ஆயராக இருந்த ஹிப்போவுக்கே நேராகக் கிளம்பினார்கள். அவர் அவர்களை ஈஸ்டர் முடியும்வரை தன்னோடு வைத்துக்கொண்டு, வாசித்துக் காட்டி, விளக்கி, கிருபையும் சித்தமும் ஒன்றை ஒன்று விரட்டுவதில்லை என்று ஒரு நூலே எழுதிக் கொடுத்தனுப்பினார். இது 426-27. அது மடத்துக்குப் போன பிறகு அங்கே ஒருவர் கேட்ட கேள்விதான் உச்சம்:

அப்படியென்றால் கட்டளையை மீறியவனை ஏன் கண்டிக்கவேண்டும்? அவன் செய்யும்படி அவனுக்காக ஜெபம் மட்டும் பண்ணினால் போதாதா?

எங்கள் அம்மா. அச்சு அசல் எங்கள் அம்மா, ஐந்தாம் நூற்றாண்டில்.

இதற்காக அகுஸ்தீன் இன்னொரு நூல் எழுதினார். கண்டிக்கவும் வேண்டும், ஜெபிக்கவும் வேண்டும். கண்டிப்பு அவனைக் குத்தி, அந்த வலியிலிருந்து அவன் ஜெபிக்க ஆரம்பிக்கலாம். யாரிடம் அது வேலை செய்யும் என்பது உனக்குத் தெரியாது, ஆகவே எல்லோரையும் அன்போடு கண்டி. பெலாகியுஸிடம் ஜெபத்துக்கு இடம் சுருங்கிப்போனது. அந்தத் துறவியிடம் பேச்சுக்கே இடம் இல்லாமல் போனது. அகுஸ்தீன் இரண்டையும் வைத்துக்கொண்டார். எப்படிப் பொருந்துகிறது என்று காட்டினாரா? முழுசாக இல்லை. யார் மீட்கப்படுவார் என்று தேவன் முன்னமே தீர்மானிக்கும் முன்குறித்தலைப் பற்றி அந்த நூலில் அவர் சொல்லும் சில வரிகள் என்னைத் தூங்கவிடாதவை. ஆனால் ஒரு மனிதனை என்ன செய்யவேண்டும் என்பதில் அவர் சொன்னது சரி என்றே படுகிறது.

25 மார்ச்

தம்பி கதையில் நான் எழுதாமல் விட்ட பாதி.

செயலி திரும்ப வந்தது. போனஸ் வந்த வாரம். அழித்ததற்கு மூன்று பேர் உரிமை கேட்டோம் இல்லையா, திரும்ப ஏற்றியதற்கு ஒருவரும் இல்லை. அம்மா: சாத்தான். நான்: அவனேதான், வேறு யார். தம்பி: "அதுவா வந்துச்சு."

கோபத்தில் அவன் கேட்ட ஒன்று மட்டும் நியாயம். "நல்லதா இருந்தா அவரு, கெட்டதா இருந்தா நானு. இது என்ன கணக்கு?" எந்த இறையியல் கல்லூரியிலும் படிக்காதவன், பிரச்சினையின் நரம்பிலேயே கை வைத்துவிட்டான். அகுஸ்தீனின் பதில்: கெட்ட சித்தத்தை உண்டாக்கிய காரணம் என்று ஒன்று இல்லை, அங்கே இருப்பது ஒரு குறை. அதற்குக் காரணம் தேடுவது இருட்டைக் கண்ணால் பார்க்கவும் நிசப்தத்தைக் காதால் கேட்கவும் முயல்வது போல. அழகான வாக்கியம். கடன் கொடுத்தவன் வாசலில் நிற்கும்போது உதவாது.

அவன் 'அதுவா வந்துச்சு' என்றதை நான் அப்போது சாக்காகத்தான் எடுத்துக்கொண்டேன். பவுல் ரோமர் ஏழாம் அதிகாரத்தில், விரும்பாததையே செய்கிறேன், செய்வது நானல்ல, எனக்குள் வாசமாயிருக்கிற பாவம் என்கிறார். அப்போஸ்தலன் சொன்னால் வேதம், தம்பி சொன்னால் சாக்கு. என் நேர்மை அவ்வளவுதான்.

2 ஏப்ரல்

"கடைசியில் எந்தச் சபை எந்தப் பக்கம்" என்று பட்டியல் கேட்டவர்களுக்கு, பட்டியல் தரமாட்டேன், இரண்டு தமாஷ் தருகிறேன்.

ஒன்று. 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கத்தோலிக்கர்களுக்குள்ளேயே டொமினிக்கன்களும் இயேசு சபையாரும் இதற்காக மோதினார்கள். இவர்கள் அவர்களை, முன்குறித்தலை அழுத்திச் சொன்ன கால்வினின் கட்சி என்றார்கள், அவர்கள் இவர்களைப் பெலாகியுஸ் கட்சி என்றார்கள். ரோமில் வருஷக்கணக்கில் விசாரணை. 1607-ல் போப் ஐந்தாம் பவுல் தீர்ப்பு சொன்னார்: இரு தரப்பும் தத்தம் கருத்தைப் போதிக்கலாம், ஒருவரை ஒருவர் கண்டனம் செய்யக்கூடாது, முடிவு உரிய காலத்தில் அறிவிக்கப்படும். உரிய காலம் இன்னும் வரவில்லை.

இரண்டு. 1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரெஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் எல்லோரும் ஒன்றானார்கள். அதாவது எல்லோருக்கும் கிருபை உண்டு என்று முழங்கிய வெஸ்லியின் மெத்தடிஸ்ட் பிள்ளைகளும், முன்குறிக்கப்பட்டவர்களுக்கே என்ற கால்வினின் பிரெஸ்பிடேரியன் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில். எங்கள் சபையில் இதைப் பற்றி ஒரு சண்டையும் இல்லை. கல்லறைத் தோட்டத்துக்கு மதில் கட்டுவதில்தான் எல்லாச் சண்டையும்.

லூத்தரன் அண்ணன் ஒருவர் "சுயசித்தத்துக்காகப் பேசிய எராஸ்முஸுக்கு 1525-ல், சித்தம் கட்டுண்டது என்று எங்கள் ஆள் லூத்தர் கொடுத்த அடியை ஏன் விட்டுவிட்டாய்" என்று கேட்கிறார். விடவில்லை அண்ணே, நீங்களே எழுதுங்கள். பார்வோனின் இருதயத்தைக் கடினப்படுத்திய இடத்தையும் சேர்த்து.

17 ஏப்ரல், பெரிய வியாழன்

இன்றைக்கு வாசித்த பாடம் லூக்கா 22. யூதாஸைப் பற்றி முன்னமே கேட்டிருந்தீர்கள். மனுஷகுமாரன் தீர்மானிக்கப்பட்டபடியே போகிறார், ஆனாலும் காட்டிக்கொடுக்கிறவனுக்கு ஐயோ. தீர்மானமும் ஐயோவும் ஒரே வசனத்தில், நடுவில் ஓர் 'ஆனாலும்'. அவ்வளவுதான் லூக்கா தருகிறார்.

பத்து வசனம் தள்ளிப் பேதுரு. உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன் என்கிறார் இயேசு. ஹத்ருமேத்தும் துறவிகளுக்கு எழுதிய இரண்டாம் நூலில் அகுஸ்தீன் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொள்கிறார். பேதுருவுக்காகக் கேட்கப்பட்டது என்ன? அவனுடைய சித்தம் சுதந்திரமாக, பலமாக, தோற்காததாக, கடைசிவரை நிற்பதாக இருக்கவேண்டும் என்பது. அப்படியென்றால் சுயசித்தம் படைப்பு நாளில் கொடுத்து முடித்துக் கணக்கை மூடிய ஈவு இல்லை. ஒருவனுக்காக இன்னொருவர் கேட்டு வாங்கவேண்டிய ஈவு. நான் இவ்வளவு நாளும் சுற்றிச் சுற்றி எழுதியது இதற்குத்தான் என்று இன்றைக்குப் பாடம் வாசித்தபோதுதான் தெரிந்தது.

அதே இரவில் பேதுரு மறுதலித்தார் என்பதையும் சேர்த்தே வாசிக்கவேண்டும். அந்த வசனத்திலேயே "நீ குணப்பட்டபின்பு" என்று இருக்கிறது. விழப்போவது தெரிந்தே கேட்ட ஜெபம். சேவல் கூவுமுன் மூன்று தரம் என்ற கண்டிப்பும் அதே மேஜையில்தான் வந்தது.

21 ஏப்ரல்

"யூதாஸுக்காக ஏன் வேண்டிக்கொள்ளவில்லை?" என்று நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். வேண்டிக்கொள்ளவில்லை என்று எங்கே எழுதியிருக்கிறது? வேண்டிக்கொண்டதாகவும் இல்லை. கால்வின் வீட்டில் கேட்டால் அவன் தெரிந்துகொள்ளப்படவில்லை என்பார்கள். வெஸ்லி வீட்டில் அவனுக்கும் கொடுக்கப்பட்டது, அவன் தள்ளினான் என்பார்கள். முதல் பதிலை என்னால் எந்தத் தாயிடமும் சொல்ல முடியாது. இரண்டாவதைச் சொன்னால் எவோடியுஸ் எழுந்து நிற்பார்.

அடுத்து எழுதுபவர்கள் ரோமர் 9-லிருந்து குயவனையும் களிமண்ணையும் மட்டும் ஒட்டிவிட்டு ஓடாதீர்கள். 11-ஆம் அதிகாரத்தின் 32-ஆம் வசனம்வரை வாசித்துவிட்டு வாருங்கள், எல்லார்மேலும் இரங்குவதற்காகவே என்று முடிகிறது. பார்வோனைப் பற்றி எழுதவேண்டிய லூத்தரன் அண்ணன் இன்னும் எழுதவில்லை. அவருடைய சித்தம் கட்டுண்டு கிடக்கிறதோ என்னவோ.